சோற்றைக் குறைத்தேன், மாத்திரையைக் குறைக்கவில்லை

எனக்குச் சர்க்கரை நோய். மூன்று மாதத்தில் எச்பிஏ1சி (சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.6-லிருந்து 6.8-க்கு வந்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் அந்த முதல் வாரத்தை நினைத்தால் இன்னும் கோபம் ஆறவில்லை.

இட்லி, தோசை, சோறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் மாவுச்சத்து குறைந்த பேலியோ உணவுமுறைக்கு மாறினேன். காலையில் பாதாம், மதியம் முட்டையும் கீரையும். அதில் சிரமமே இல்லை. அப்போது நான் போட்டுக்கொண்டிருந்தது கிளிமிபிரைடு, மெட்பார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த சுகர் மாத்திரை, காலையும் இரவும். சாப்பாட்டை மாற்றப்போகிறேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். "நல்லது, செய்யுங்க" என்றார்கள். என்ன மாத்திரை போடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

நான்காம் நாள் பதினொன்றரை மணிக்கு வகுப்பில் நிற்கும்போது கை நடுங்கியது, புடவை வியர்வையில் நனைந்தது, போர்டில் எழுத்து கலங்கியது. பக்கத்து வகுப்பு டீச்சர் சர்க்கரை போட்ட டீ கொடுத்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், டோக்கன் வாங்கி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தபின் குத்திப் பார்த்தால் சுகர் 112. "நார்மல்தானே மேடம், டென்ஷனா இருக்கும்." அவ்வளவுதான். இறங்கியிருந்த சுகர் டீ குடித்ததால் ஏறியிருக்கும் என்று சொன்னேன், காதில் வாங்கவில்லை. அன்று மாலையே குளுக்கோமீட்டர் வாங்கினேன். கையில் மீட்டர் இருந்தால் நடுக்கம் வந்ததுமே பாருங்கள். இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம், முதலில் குளுக்கோஸ் சாப்பிடுங்கள்.

ஏழாம் நாள் இரவு இரண்டு மணிக்கு விழித்தேன். தலையணை முழுக்க ஈரம். மீட்டரில் 52. வீட்டுக்காரர் மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்து 55. மறுபடி சீனித் தண்ணீர், 58. அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அப்புறம் வெயில் காலத்துக்கு வாங்கி வைத்திருந்த குளுக்கோஸ் பவுடர் ஞாபகம் வந்தது. அதைக் குடித்த பிறகுதான் 84.

மறுநாள் வேறொரு டாக்டரிடம் போனேன். அந்த அம்மா முதலில் கேட்டதே மாத்திரை அட்டையைத்தான். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நாம் சோறு சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது. வோக்லிபோஸ் குடலில் சீனி உடைவதைத் தாமதப்படுத்தும், அதனால்தான் சீனித் தண்ணீர் வேலை செய்யவில்லை. குளுக்கோஸ் உடைய வேண்டியதில்லை, நேராக ரத்தத்தில் சேரும். இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தபோதே இதை ஒரு வரி சொல்லியிருக்கலாமே! அந்த டாக்டர் அதை நிறுத்தி வெறும் மெட்பார்மின் மட்டும் கொடுத்தார். அதன்பின் ஒருமுறைகூட 70-க்குக் கீழே போகவில்லை.

நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். சோற்றைக் குறைப்பதற்கு முன்பே டாக்டரிடம் அட்டையைக் காட்டி, அளவை மாற்றணுமா என்று கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் அப்படித்தான். டாபாகிளிபுளோசின் வகை (சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும்) மாத்திரை என்றால் இன்னும் கவனம் தேவை. மாவுச்சத்தை ரொம்பக் குறைத்தால் சுகர் அதிகமில்லாதபோதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி ஆபத்தாகலாம்.

சுகர் 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட். பேலியோ கெட்டுப்போகுமே என்று தயங்க வேண்டாம், அந்த நேரத்தில் அதுதான் மருந்து. பாதாம், சீஸ், சாக்லேட் உதவாது, கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். பயத்தில் லட்டு, பிஸ்கட் என்று அள்ளிச் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 238 பார்த்தவள் நான். சில நாள் 95 இருக்கும்போதே நடுக்கம் வந்தது. உடம்பு அதிக சர்க்கரைக்குப் பழகியிருந்ததால் அப்படி என்றார் டாக்டர். சில வாரத்தில் சரியாகிவிட்டது.

இப்போது கைப்பையில், ஸ்கூல் மேசையில், கட்டில் தலைமாட்டில் எல்லாம் குளுக்கோஸ் வைத்திருக்கிறேன். பக்கத்து வகுப்பு டீச்சரிடமும் சொல்லிவிட்டேன்: நான் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே 108-க்குப் போன் பண்ணுங்கள்.