பீர்தானே அண்ணா

பெங்களூர் இந்திராநகர்ல ஒரு பார்ல கேப்டன் வேலை எனக்கு, சொந்த ஊர் கிருஷ்ணகிரி, அதனால நம்மாளுங்க வந்து உட்கார்ந்தா மேனேஜர் அந்த டேபிளுக்கு என்னைத்தான் தள்ளிவிடுவாரு. பாதி டேபிள்ல முதல் டயலாக்கே இதுதான், "அண்ணா நான் குடிக்கல்லாம் மாட்டேன், பீர்தான்".

அவர் கேக்கறது 650 எம்எல் ஸ்ட்ராங் பாட்டில். அதுல ஆல்கஹால் 8 சதவீதம் வரைக்கும் போகும், அப்படின்னா உள்ள சுமார் 40 கிராம். விஸ்கி 42.8 சதவீதம், 30 எம்எல் பெக் மெஷர்ல அளந்து ஊத்துனா 10 கிராம்தான். லார்ஜுன்னா 60 எம்எல், ஆக ஒரு பாட்டில் ஸ்ட்ராங்கும் ரெண்டு லார்ஜும் ஒண்ணுதான், ஆனா பக்கத்து டேபிள்ல லார்ஜ் அடிக்கிறவரப் பாத்து இவர் "என்னமா குடிக்கிறான் பாருங்க"ம்பாரு. எனக்கு சிரிப்பு வரும், வெளிய காட்டிக்க முடியாது.

பில் வரும்போது இன்னொரு கூத்து. "நாலா? மூணுதானே சொன்னோம்"னு சண்டைக்கு வருவாங்க, அதுக்குத்தான் காலி பாட்டில எடுக்காம டேபிளுக்கு அடியிலயே வரிசையா விட்டு வைப்போம், குனிஞ்சு பாத்துட்டு பேசாம கார்ட நீட்டுவாங்க.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் டீம் பார்ட்டி தனி ரகம். கம்பெனி காசுன்னா தினம் நைன்ட்டி (90 எம்எல் சரக்கு) அடிக்கிறவரும் சிங்கிள் மால்ட்தான் கேப்பாரு. புதுசா சேந்த பையன் ஒருத்தன் வாஷ்ரூம் பக்கமா வந்து "அண்ணா எனக்கு வேணாம், லீட் விடமாட்டேங்கிறாரு"ன்னு சொல்வான், விஸ்கி கிளாஸ்ல ஐஸ் போட்டு ஆப்பிள் ஜூஸ் ஊத்திக் குடுத்துருவேன், கலர் ஒண்ணுதானே.

லிவர் ஒரு மணி நேரத்துக்கு கரைக்கிறது சுமார் 7ல இருந்து 10 கிராம், மோர் குடிச்சாலும் பச்சத்தண்ணில குளிச்சாலும் அந்த வேகம் கூடாது. ராத்திரி 12 மணிக்கு ரெண்டாவது ஸ்ட்ராங்க முடிச்சவர் காலைல 7 மணிக்கு பைக் எடுத்தா உடம்புல இன்னும் மிச்சம் இருக்கலாம். 100 எம்எல் ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டுனா கேஸ், முதல் தடவையே 10,000 ரூபா ஃபைன், இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம்.

எங்க கிச்சன்ல ஒரு அண்ணன், ஷிப்ட் முடிஞ்சதும் டெட்ரா பாக்கெட்ல தினமும் ரெண்டு மூணு நைன்ட்டி போடுவாரு. கார்த்திகைல மாலை போட்டா 48 நாள் தொடமாட்டேன், எனக்கென்ன அடிக்ஷனாம்பாரு. போன வருஷம் மாலை போட்ட மூணாம் நாளே கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, இல்லாத ஆள்கிட்ட பேச ஆரம்பிச்சிட்டாரு. சாமி குத்தம்னு ரூம்ல எல்லாரும் பயந்துட்டாங்க. ஓசூர் ரோடு நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனோம். தினம் நிறைய குடிக்கிறவங்க டாக்டர கேக்காம பட்டுனு நிறுத்துனா ஃபிட்ஸ் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்னு சொல்லி அட்மிட் பண்ணி மாத்திரை குடுத்து மெதுவா இறக்குனாங்க. இப்ப தந்தூர் அடுப்புலதான் நிக்கிறாரு, பார் கவுண்டர் பக்கம் டூட்டி போடாதீங்கன்னு அவரே மேனேஜர்கிட்ட சொல்லிட்டாரு.