வண்ணம் காயும் நேரம்: என் கவின்கலை நுழைவுத் தேர்வு அனுபவம்

ரேங்க் பட்டியல் வந்து நான்கு நாள் ஆகிறது. பெயர் இருக்கிறது. மாவேலிக்கரை கவின்கலைக் கல்லூரியில் சேரப் போகிறேன். போன வருடம் இதே மாதிரிப் பட்டியலில் என் எண்ணை மூன்று முறை மேலிருந்து கீழே தேடினேன், இல்லை. அந்த இரவு இன்னும் மனதில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோவிந்தாபுரம் பக்கம் தமிழ் வழியில் படித்துவிட்டு, கேரளத்தில் பி.எஃப்.ஏ. (கவின்கலை இளநிலைப் பட்டம்) நுழைவுத் தேர்வு எழுத நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. தேர்வில் என்னென்ன பகுதி, என்ன சான்றிதழ் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். என்னைக் கவிழ்த்ததும் கரையேற்றியதும் ஒரே விஷயம்தான்: வண்ணம் காய எவ்வளவு நேரம் ஆகும் என்பது.

போன வருடம் நான் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்தேன். அங்கே வாட்டர்கலர் மட்டும்தான். "மற்றதெல்லாம் கல்லூரியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், இப்போது கையைக் கெடுத்துக்கொள்ளாதே" என்றார்கள். நானும் கேட்டேன். பிப்ரவரியிலிருந்து மே வரை தினமும் எங்கள் வீட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்து வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்த வண்ணத்தைத் தாளில் பரப்புவது, போட்டுப் பழகினேன்.

எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு இதிலிருக்கும் தவறு இப்போதே புரிந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசல் எங்கள் ஊர். கேரளம் என்றால் மழை என்பார்கள், ஆனால் சித்தூர்த் தாலுகாவின் கிழக்கு ஓரம் மழைநிழல் பகுதி. பனையோலை ராத்திரி பகலாகச் சலசலக்கும். மார்ச் வெயிலில் அந்தக் காற்றில் ஒரு வாஷ் மூன்று நிமிடத்தில் காய்ந்துவிடும். வானம், காய்ந்தது. தூரத்து மலை, காய்ந்தது. மரம், மனிதர்கள், நிழல். ஒரு மணி நேரத்துக்குள் படம் முடிந்துவிடும். என் கை வேகமானது என்று நினைத்துக்கொண்டேன். வேகம் காற்றுடையது.

தேர்வு நாளன்று தெற்கே போனேன். முந்தின இரவிலிருந்து மழை. கையில் வாங்கும்போதே தாள் நமுத்துப்போயிருந்தது. தலைப்பு சந்தை. நமக்குப் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையைவிட வேறென்ன வேண்டும்? கோடு நன்றாக வந்தது. வானத்துக்கு நீலம் போட்டேன். மூன்று நிமிடம் கழித்துத் தொட்டால் ஈரம். ஐந்து நிமிடம், ஈரம். பதினொரு நிமிடம் காத்திருந்துவிட்டு, பொறுக்க முடியாமல் முன்னால் நின்ற காளையின் முதுகில் செம்மண் நிறத்தை வைத்தேன். வானம் காளைக்குள் இறங்கியது. கைக்குட்டையால் ஒற்றினேன், தாளின் மேல்தோல் உருண்டு உருண்டு வந்தது. அதற்கு மேல் என்ன செய்தாலும் அந்த இடம் சேறாகத்தான் ஆனது. மணி அடித்தபோது படத்தின் கீழ்ப்பாதி வெறும் கோடாக இருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். ஊரில் போர்டு எழுதும் எங்கள் பெரியப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஏங்கண்ணு, காயறதுக்கு முன்னாடி ரெண்டாங்கை வெச்சா ரெண்டுமே போச்சே. அது காயற நேரம் உனக்குத் தெரியாதா?"

தெரியாது. நான்கு மாதம் பழகியும் தெரியாது. அந்தக் கேள்வியிலிருந்துதான் என் அடுத்த வருடம் தொடங்கியது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஊடகம் (கரி, வண்ணம், மண் என்று எதில் வேலை செய்கிறோமோ அது), தாள், போட்ட நேரம், காய்ந்த நேரம், அன்றைக்கு வெயிலா மழையா. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊடகம். எல்லாருக்கும் இது பொருந்துமா என்று சொல்ல மாட்டேன். ஒரே வேலையை மாதக்கணக்கில் செய்தால் எனக்குக் கை செத்துப்போகும். நிலையாக ஒன்றில் நிற்கக்கூடியவர்கள் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் கரி. கடையில் வாங்கும் கரிக்குச்சி விலை அதிகம் என்பதால் வீட்டிலேயே செய்தேன். பழைய பிஸ்கட் டின்னில் குச்சிகளை நெருக்கி அடுக்கி, மூடி, மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை போட்டு, விறகடுப்பில் வைக்க வேண்டும். காற்றுப் புகாமல் வெந்தால்தான் கரி, புகுந்தால் சாம்பல். ஓட்டை வழியே வரும் புகை நின்றதும் எடுத்து, டின் முழுக்க ஆறிய பிறகே திறக்க வேண்டும். வேப்பங்குச்சி கடினமாக வந்து தாளைக் கீறியது. அகத்திக் குச்சி மென்மையாக, வெல்வெட் மாதிரி கறுப்பாக வந்தது. அழிப்பதற்கு ரொட்டியின் உள்பகுதியை உருட்டி வைத்துக்கொண்டேன். கரியில் காய்வதற்கு ஒன்றுமே இல்லை, ஆனால் மணிக்கட்டு பட்ட இடமெல்லாம் போய்விடும். அதனால் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக வேலை செய்யப் பழகினேன். போன வருடம் நான் படத்தின் நடுவில் ஆரம்பித்து எல்லாப் பக்கமும் ஓடுகிறவள். அந்தப் பழக்கத்தைக் கரிதான் மாற்றியது.

அப்புறம் களிமண். மலம்புழாவில் சிற்பி கானாயி குஞ்ஞிராமனின் யக்ஷி சிலை இருக்கிறதே, 1969இல் முடித்தது, அதை நான்கு பக்கமும் நின்று வரைந்துவிட்டு வந்து, வீட்டில் கையளவு மண்ணில் செய்து பார்த்தேன். நன்றாக வரவில்லை. ஆனால் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருப்பதைக் கட்டைவிரல் கண்டுபிடித்த பிறகு, பென்சிலில் அந்த இடத்தில் நான் தடுமாறியதே இல்லை. பொருள் வரைதலில் உங்களுக்குக் குடமும் டம்ளரும் தட்டையாக வருகிறதென்றால், பென்சிலை ஒரு வாரம் வைத்துவிட்டு அதே குடத்தை மண்ணில் செய்யுங்கள்.

லினோ வெட்டு இரண்டு வாரம். லினோலியம் தகட்டைச் செதுக்கி, மை தடவித் தாளில் அச்செடுப்பது அது. சாம்பல் நிறத்துக்கு அங்கே இடமில்லை. கறுப்பா வெள்ளையா என்று ஒவ்வொரு இடத்திலும் முடிவெடுத்தே ஆக வேண்டும், வெட்டிவிட்டால் திரும்பாது. தயங்கும் சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

அக்ரிலிக் சீக்கிரம் காயும், காய்ந்தால் தண்ணீருக்கு இளகாது. தேர்வுக்கு நல்லதுதான், ஆனால் கிண்ணத்திலேயே காய்ந்து, இரண்டு தூரிகை கல்லாகிப் போயின. எனக்குச் சரிப்படவில்லை.

போர்டு எழுதும் எனாமல் பெயின்ட்டைப் பெரியப்பாவிடம் கற்றேன். எங்கள் ஊர்க் கடைகளுக்குத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் எழுதிய கை அவருடையது. ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்துவிட்டது. அவர் ஒரே நேரத்தில் மூன்று பலகையை வரிசையாகச் சாய்த்து வைப்பார். முதல் பலகையில் மஞ்சள் தளம். அது இறுகும் நேரத்தில் இரண்டாவதில் எழுத்தின் ஓரம். மூன்றாவதில் சாக்பீஸ் அளவு. காத்திருக்கும் நேரம் என்று ஒன்று அவர் வேலையில் கிடையவே கிடையாது. நான் இரண்டாவது பலகைக்கு எனாமல் தொட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் எனக்கு உறைத்தது. தேர்வில் என்னிடம் பலகை ஒன்றுதான், ஆனால் அதற்குள்ளேயே மூன்று பலகை இருக்கின்றன. வானம் காயும்போது தரைக்குப் போ. தரை காயும்போது ஓரத்து மனிதர்களுக்குப் போ. ஈரமான இரண்டு இடங்கள் தொட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். இதற்காக, வண்ணத்தைத் தொடுவதற்கு முன்பே பென்சில் படத்தின் ஓரத்தில் 1, 2, 3 என்று மெல்லிதாக எண் போட்டுப் பழகினேன், எந்த இடம் எப்போது என்று. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துப் போவதென்றால் இந்த எண் போடுவதை எடுத்துப் போங்கள்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது போஸ்டர் கலர். வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாள், அதைக் காப்பாற்றிக்கொண்டே வர வேண்டும். போஸ்டர் கலரில் வெள்ளையைப் பிறகு மேலே வைத்துக்கொள்ளலாம். கெட்டியாகக் கலப்பதால் தண்ணீர் குறைவு, ஈரக்காற்றிலும் காத்திருப்பு குறைவு. இரண்டு குறைகள் உண்டு. காய்ந்ததும் நிறம் மாறும்: வெளிர் நிறங்கள் கொஞ்சம் கருக்கும், அடர் நிறங்கள் கொஞ்சம் வெளுக்கும். இன்னொன்று, காய்ந்த தளத்தின் மேல் ஈரத் தூரிகையை இரண்டு முறை தேய்த்தால் அடியில் இருப்பது இளகி மேலே வந்துவிடும். ஒரே தடவை வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். முதல் குறைக்கு, துண்டுத் தாளில் ஒவ்வொரு கலவையையும் தடவிக் காய வைத்து நோட்டில் ஒட்டி வைத்தேன்.

தேர்வுக்கு நாற்பது நாள் முன்பு மற்ற எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டேன். அன்றிலிருந்து பென்சிலும் போஸ்டர் கலரும் மட்டும். ஊடகங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பது ருசி, அதை நிறுத்தும் நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். காலண்டரில் முன்கூட்டியே வட்டம் போட்டு வையுங்கள்.

பழகிய இடத்தையும் மாற்றினேன். திண்ணை வேண்டாம் என்று அடுப்படிக்குள் போனேன். ஜன்னலைச் சாத்தி, கொடியில் ஈரப் புடவை இரண்டு, பக்கத்தில் அம்மா சோறு வடிப்பார். வியர்த்துக் கொட்டும். திண்ணையில் மூன்று நிமிடத்தில் காய்ந்த வாஷ் அங்கே பதினான்கு நிமிடம் எடுத்தது. அம்மா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. மீன் குழம்பு வைக்கும் நாட்களில் மட்டும் "இன்னிக்குத் திண்ணைக்குப் போ கண்ணு, தாளெல்லாம் வாசம் புடிச்சுக்கும்" என்பார்.

பையில் என்ன இருந்தது:

எச்பி, 2பி, 4பி, 6பி பென்சில், ஒவ்வொன்றிலும் இரண்டு, சீவியபடி.
போஸ்டர் கலர் ஆறு புட்டி மட்டும்: வெள்ளை, கறுப்பு, மஞ்சள், சிவப்பு, நீலம், பழுப்பு. வெள்ளை மட்டும் பெரிய புட்டி.
தூரிகை மூன்று.
பழைய பருத்தி வேட்டித் துணி. கைக்குட்டை வேண்டவே வேண்டாம்.
தண்ணீருக்கு இரண்டு டப்பா. ஒன்று கழுவ, ஒன்று கலக்க.
கிளிப் நான்கு.
அதே மாதிரித் தாளின் துண்டு ஒன்று, காய்கிறதா என்று தொட்டுப் பார்க்க. படத்தைத் தொடாதீர்கள், துண்டைத் தொடுங்கள்.

பொது அறிவுப் பகுதிக்கு நான் அதிகம் படிக்கவில்லை, சொல்லவும் அதிகம் இல்லை. ரவிவர்மா கிளிமானூரில் 1848இல் பிறந்தவர், 1906இல் இறந்தார். மாவேலிக்கரைப் பள்ளியை 1915இல் தொடங்கியவர் அவர் மகன் ராமவர்மா. சென்னையில் ஓவியப் பள்ளியை 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கினார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் பிறந்தது நம் பக்கத்துக் கோயம்புத்தூரில், 1911இல். சோழமண்டலம் கலைஞர் கிராமம் 1966. கானாயி குஞ்ஞிராமன் சென்னையில் பணிக்கரிடம் படித்தவர். கொச்சி முசிரிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சி முதலில் நடந்தது 2012இல். இவர்களை ஊர்ப் பெயரோடு சேர்த்துப் படித்தால் மறக்காது. எனக்கு அப்படித்தான் நின்றது.

தமிழ் வழியில் படித்தவர்கள் மலையாளத்துக்குப் பயப்படுகிறார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. நிழல் அங்கேயும் நிழல்தான், வெளிச்சம் வெளிச்சம்தான், நிறம் நிறம்தான். வாட்டர்கலருக்கு ஜலச்சாயம், ஆயில் கலருக்கு எண்ணச்சாயம், சுவரோவியத்துக்குச் சுமர்சித்திரம். சாயம் என்ற சொல்லை நாம் துணிக்கு விட்டுவிட்டோம், அவர்கள் ஓவியத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் சொற்கள், ஒரு மாலை போதும்.

இந்த வருடமும் தேர்வன்று மழை. தலைப்பு வேலை செய்யும் மனிதர்கள் பற்றியது. கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் அதிகாலை நிற்கும் காய்கறி லாரிகளை வரைந்தேன். தார்ப்பாயை அவிழ்ப்பவர், சீட்டைக் காட்டும் டிரைவர், டீ கொண்டு வரும் பையன். ஓரத்தில் ஏழு எண்கள் போட்டேன். பக்கத்தில் ஒரு பெண் வாட்டர்கலர் தாளை ஊதி ஊதிக் காய வைத்துக்கொண்டிருந்தாள். போன வருடத்து என்னைப் பார்த்த மாதிரி இருந்தது, தொண்டை அடைத்தது. ஒன்றும் சொல்ல முடியாத இடம் அது. மணி அடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது கடைசி எண்ணை அழித்தேன். டீக் கிளாஸில் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்க நேரம் இருந்தது.

நோட்டின் கடைசிப் பக்கத்தை அப்படியே எழுதிவிடுகிறேன். எல்லாம் சாதாரண கார்ட்ரிட்ஜ் தாளில், எங்கள் அடுப்படியில், சோறு வடியும்போது எடுத்த கணக்கு. உங்கள் ஊரில், உங்கள் தாளில் வேறாக இருக்கும், நீங்களே போட்டுப் பாருங்கள்.

வாட்டர்கலர், முழு வாஷ்: 14 நிமிடம்.
போஸ்டர் கலர், கெட்டியாக: 5 நிமிடம்.
போஸ்டர் கலர், தண்ணீராக: 9 நிமிடம்.
அக்ரிலிக்: 4 நிமிடம்.
ஆயில் பேஸ்டல்: காய வேண்டியதில்லை.
எண்ணெய் வண்ணம், பெரியப்பா கொடுத்த பலகைத் துண்டில்: ஆறாம் நாளும் விரலில் ஒட்டியது. அதன் மிச்சக் கணக்கை மாவேலிக்கரையில் எழுத வேண்டும்.