மாதுக்கு மட்டும் ஏன் பிள்ளைகள்?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் பத்திரிகைக் கோட்பாடுகள் படித்தேன். பத்திரிகைக்கும் அரசுக்கும் உள்ள உறவைப் பற்றி 1956இல் அமெரிக்கப் பேராசிரியர்கள் மூவர் வகுத்த நான்கு: அதிகாரவாதம், சுதந்திரவாதம், சமூகப் பொறுப்பு, சோவியத் கம்யூனிசம். சிங்கப்பூர் இதில் எங்கே என்று தேர்வில் கேட்டார்கள். நாட்டின் தேவைக்கு அடுத்துதான் பத்திரிகைச் சுதந்திரம் என்று 1971இல் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ ஹெல்சிங்கியில் பேசியது, 1974இல் வந்த பத்திரிகை, அச்சகச் சட்டம், எல்லாம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

அப்புறம் ஒரு தமிழ்ச் செய்திப் பிரிவில் இரவு ஷிஃப்ட், மொழிபெயர்ப்பு வேலை. மேலிடத்திலிருந்து தொலைபேசி வரும் என்று முதல் மாதம் எதிர்பார்த்துக் கிடந்தேன். வந்ததெல்லாம் நீதிமன்றச் செய்திகள்தான்.

இங்கே தமிழ்ச் செய்தியில் ஆண் என்றால் ஆடவர், பெண் என்றால் மாது. ஒரே மோசடியில் பணத்தைப் பறிகொடுத்த இருவரைப் பற்றி ஓர் இரவு எழுதினேன். ஆடவர் 'பொறியாளர்', மாது 'மூன்று பிள்ளைகளுக்குத் தாய்'. திருத்திக்கொண்டிருந்த மூத்த அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, மாதுக்கு மட்டும் எதுக்கு பிள்ளைங்க?"

"ஆங்கிலத்தில அப்படித்தான் இருந்துச்சுக்கா."

"ஏழாவது பத்தியப் பாருங்க. அவங்க கணக்காய்வாளர். அந்த ஆடவருக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு."

இருந்தது. நான் அதுவரை படிக்கவே இல்லை. உலக அளவில் செய்திகளில் வருகிறவர்களில் பெண்கள் 1995இல் 17 விழுக்காடு, 2020இல் 25 விழுக்காடு என்று உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் கணக்கு சொல்கிறது. அந்தக் கால்வாசியிலும் எத்தனை பேர் யாருக்கோ தாயாகவும் மனைவியாகவும் மட்டுமே வந்தார்களோ.

இனம் என்று வந்தபோது என் கை இன்னும் சுலபமாக வழுக்கியது. 2013 டிசம்பர் 8, ஞாயிறு. லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி 33 வயதுத் தமிழ்நாட்டுக் கட்டுமான ஊழியர் இறந்துபோனார், பிறகு கலவரம், எரியும் ஆம்புலன்ஸ் படம் எல்லாத் திரையிலும். நான் பத்திக்குப் பத்தி 'வெளிநாட்டு ஊழியர்கள்' என்று போட்டுக்கொண்டே போனேன். தவறான சொல் இல்லைதான். ஆனால் அதைத் தட்டும்போது ஒரு நிம்மதி இருந்தது, அவர்கள் வேறு நான் வேறு என்று. என் அப்பா வந்ததும் அதே தமிழ்நாட்டிலிருந்துதான். இறந்தவரைப் பற்றி நான் எழுதியது இரண்டே வரி. எந்தச் சட்டமும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை.

2019இல் மின்னிலக்க முறையில் பணம் செலுத்தும் சேவை ஒன்றின் விளம்பரத்தில் சிங்கப்பூர்ச் சீன நடிகர் ஒருவர் தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு இந்தியராக வந்தார். ஊரே கொதித்தது, எங்கள் அறையும்தான். அக்கா மட்டும் டீயைக் குடித்துவிட்டு, "நம்ம நாடகத்துல கறுப்பான பொண்ணு எப்பவும் தோழியாவே வருதே, அதுக்கு நாம எத்தனை செய்தி போட்டோம்?" என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை, நான் உட்பட. கோபம் நியாயமானதுதான் என்று இப்போதும் சொல்வேன், ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது அக்கா ஓய்வு பெற்றுவிட்டார், அவர் நாற்காலியில் நான். போன மாதம் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி என் தலைப்பைத் திருப்பி அனுப்பியிருந்தார். "அண்ணே, 'பணிப்பெண்'னு போட்டிருக்கீங்க. பேரு மூணாவது பத்தியில இருக்கு." பெயரைச் சேர்த்தேன். ஒரு வரித் தலைப்பு இரண்டு வரியாகி, பக்கத்துச் செய்தியில் நான்கு வரியை வெட்ட வேண்டியதாயிற்று.