அறிந்தவர்களிடம் மீண்டும் ஓர் அறிமுகம்

சமூக ஊடகம், சந்தைப்படுத்தல் என்ற பெயரில் திருகோணமலையில் அவ்வப்போது நடக்கும் தொழில்முறைச் சந்திப்புகளுக்கு நான் நான்கு வருடங்களாகப் போய்வருகிறேன். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள சில சிறிய கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் நகரத்தில் ஒரு கருவாட்டுக் கடைக்கும் பேஸ்புக், இன்ஸ்டகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொடுப்பது என் தொழில். முதல் சந்திப்புக்குப் போனபோது புதிய ஆட்களைத் தெரிந்துகொள்ளப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். மண்டபத்துக்குள் நுழைந்து பார்த்தால் முப்பது பேரில் இருபது பேர் ஏற்கனவே தெரிந்த முகங்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர்; ஒருவர் அம்மாவின் தூரத்துச் சொந்தம்; இன்னொருவரைப் பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் வருடந்தோறும் கண்டு தலையசைப்பேன். ஆனால் அவர்களில் யார் என்ன தொழில் செய்கிறார், அவருடைய வாடிக்கையாளர் யார், எதில் இடறுகிறார் என்று கேட்டிருந்தால் எனக்கு ஒரு விடையும் தெரிந்திராது. இன்னாருடைய மகன், இன்ன ஒழுங்கையில் வீடு என்ற அளவிலேயே எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றிய விசாரணை முடிந்துவிடும்.

ஆகவே இந்தச் சந்திப்புகள் எங்களுக்குச் செய்யும் வேலை கொழும்பில் செய்யும் வேலை அல்ல. அங்கே அந்நியர்கள் அறிமுகமாகிறார்கள். இங்கே அறிந்தவர்களே தொழிலின் பெயரால் மறுபடியும் அறிமுகமாகிறார்கள். வழியில் கண்டால் "எப்பிடி, சுகமோ" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகும் ஒருவரிடம், "உங்கள் பக்கத்துக்கு மாதம் எத்தனை விசாரணை வருகிறது?" என்று கேட்பதற்கு அந்த மண்டபமும் அந்தப் பிளாஸ்ரிக் கதிரைகளும்தான் அனுமதி தருகின்றன. போட்டியாளரிடம் அதே கேள்வியைத் தெருவில் கேட்டிருந்தால் வேவு பார்க்க வந்தவன் என்று நினைத்திருப்பார்.

மேடையில் நடப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காலை ஒன்பது மணி என்று அழைப்பிதழில் இருக்கும், பத்தேகாலுக்குத் தொடங்கும். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்த இளைஞர் தூக்கம் கலையாத கண்ணோடு திரையில் படங்களைக் காட்டுவார். கடைசியில் எல்லோரும் பெருவிரலை உயர்த்தி நின்று ஒரு புகைப்படம் எடுப்போம். சான்றிதழும் கொடுப்பார்கள், என்னிடம் ஐந்து இருக்கின்றன, அவற்றை ஒருவரும் இதுவரை கேட்டுப் பார்த்ததில்லை.

இருந்தாலும் ஒரு சந்திப்பில் கேட்கப்பட்ட ஒரு கேள்வியை மறக்க முடியவில்லை. பேச்சாளர் வருட நாட்காட்டி ஒன்றைத் திரையில் போட்டு, டிசம்பரும் ஜனவரியும்தான் சுற்றுலாவின் உச்சக் காலம், விளம்பரச் செலவில் பெரும்பகுதியை அந்த மாதங்களுக்கு ஒதுக்குங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நிலாவெளியில் நான்கு அறைகள் வைத்து நடத்தும் ஓர் ஐயா எழுந்து நின்றார். "தம்பி, நீங்கள் சொல்லுற டிசம்பரில என்ர முத்தத்தில வெள்ளம் நிக்கும். அப்ப நான் பேஜில என்னத்தைப் போடுறது?" மண்டபம் சிரித்தது, பேச்சாளரும் சிரித்தார், ஆனால் பதில் அவரிடம் இல்லை. அவர் காட்டிய நாட்காட்டி மிரிஸ்ஸவுக்கும் ஹிக்கடுவைக்கும் உரியது. தெற்குக் கரையில் வெள்ளைக்காரர் வெயில் காயும் மாதங்களில் இங்கே வாடை அடித்து, கடல் கொந்தளித்து, நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாத்தீவுக்குப் படகு போகாது. எங்கள் சீசன் சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரைக்கும்தான். திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகளுக்கும் அப்படித்தான்: தெற்கில் ஓய்கிற காலத்தில் இங்கே தொடங்கும்.

அந்தக் கேள்விக்குரிய பதில் தேநீர் இடைவேளையில் வந்தது. பிளேன்ரீயும் மீன் பற்றிஸும் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உப்புவெளியில் நீண்ட காலமாக விடுதி நடத்தும் ஓர் அம்மா ஐயாவிடம் நிதானமாக விளக்கினார். யூலை, ஓகஸ்ட் பள்ளி விடுமுறைக்கு வரும் ஐரோப்பியக் குடும்பங்களின் விசாரணைகள் தமக்கு ஜனவரியிலேயே வரத் தொடங்கிவிடும் என்றும், ஆகவே மழை மாதங்களில்தான் தாம் பக்கத்தில் அதிகம் வேலை செய்வதாகவும், சீசனில் எடுத்து வைத்த படங்களை அப்போது ஒவ்வொன்றாகப் போடுவதாகவும், வருடம் முழுக்க விருந்தினர் எழுதிவிட்டுப் போன விமர்சனங்களுக்கு அந்த ஓய்வில் உட்கார்ந்து பதில் எழுதுவதாகவும் சொன்னார். சீசன் நேரத்தில் யாருக்கு இதற்கெல்லாம் கை ஓயும்? மேடையிலிருந்து வராத அந்த ஆலோசனையை நான் இப்போது என் வாடிக்கையாளர் எல்லோருக்கும் சொல்லி, அதற்குக் காசும் வாங்குகிறேன். அந்த அம்மாவிடம் இதை ஒப்புக்கொண்டும் விட்டேன்.

அதே மேசையில் இன்னொரு காரியமும் நடந்தது. ஐயாவின் போனை வாங்கி அவருடைய விடுதியைக் கூகுள் வரைபடத்தில் தேடிப் பார்த்தோம். விடுதியைக் குறிக்கும் புள்ளி, கடற்கரையிலிருந்து ஏறக்குறைய நூறு மீற்றர் தள்ளி, தண்ணீருக்குள் நின்றது. ஓட்டோக்காரர்கள் ஏன் தம்முடைய ஒழுங்கையைத் தாண்டிப் போய்க் கடற்கரையில் நின்று போன் அடிக்கிறார்கள் என்று அவர் இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தாராம். புள்ளியைப் பிடித்து இழுத்து வீட்டுக் கூரையின் மேல் வைத்து, திறந்திருக்கும் மாதங்களையும் வட்ஸ்அப் இலக்கத்தையும் சேர்த்துக்கொடுக்கப் பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. அன்று முழு நாளும் பேசப்பட்டவற்றில் அந்தப் பத்து நிமிடமே ஒருவருக்குக் கையில் பிடிக்கக்கூடிய பயனைத் தந்தது என்பது என் கணிப்பு.

கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஒரு தாத்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத்தான் தாத்தா என்று அழைப்பார்கள், இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் தாடி வைத்த கிழவரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.) வீட்டிலிருந்து கேக் செய்து விற்கும் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார். இடைவேளையில் விசாரித்தபோதுதான், மேடையேறிப் பேசியவர்களில் பலரைவிட அவருடைய விற்பனை ஒழுங்காக நடப்பது தெரிந்தது. பேஸ்புக் பக்கம் அவருக்கு இல்லை. எல்லாம் வட்ஸ்அப் ஸ்ரேட்டஸ்தான். இரண்டு பேரும் ஒருவர் இலக்கத்தை ஒருவர் சேமித்து வைத்திருந்தால்தான் ஸ்ரேட்டஸ் தெரியும் என்பதால், கேக் வாங்க வரும் ஒவ்வொருவரிடமும் பெட்டியைக் கையில் கொடுக்கும் முன் தம்முடைய இலக்கத்தைச் சேமிக்கச் சொல்வாராம். தம்முடைய போனில் அவர் ஆட்களைப் பெயரால் சேமிப்பதில்லை. திரையை எனக்குக் காட்டினார்: "உவர்மலை பட்டர் கேக் ஜூன்", "பெரியாற்றுமுனை சீனி குறைவு", "மூதூர் ரீச்சர் ரெண்டு கிலோ" என்று நீளமாக இறங்கிக்கொண்டே போனது. வாடிக்கையாளர் முகாமைத்துவ மென்பொருள் என்று நாங்கள் மாதச் சந்தா கட்டி வாங்குவதை அவர் தொடர்பு இலக்கங்களின் பட்டியலுக்குள்ளேயே கட்டி முடித்திருந்தார்.

"எழுத்தில ஓடர் வருமா?" என்று கேட்டேன். "எங்க தம்பி, எல்லாம் வொய்ஸ்தான். எழுதினா விளங்காது, பேசினா விளங்கும்" என்றார். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவதை எப்படி வாசிப்பது என்று நான் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன்.

அவர் பன்னிரண்டு மணிக்கு முன்னமே எழுந்து போய்விட்டார். அன்று வெள்ளிக்கிழமை. அவரைக் கூட்டிக்கொண்டு வந்த தம்பிக்கு ஜும்ஆ தொழுகைக்குப் போக வேண்டியிருந்தது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையில்) ஏறித்தான் கடந்து வரவேண்டியிருந்த இடம் கிண்ணியா. இப்போது தூரம் சுருங்கிவிட்டது, ஆனால் நாளைத் தெரிவு செய்பவர்கள் இன்னும் அக்கரையை நினைத்துப் பார்ப்பதில்லை. கிண்ணியாவும் மூதூரும் வராத சந்திப்பைத் திருகோணமலைச் சந்திப்பு என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. யூலை மாதத்தில் வைப்பதும் இதே வகைப் பிழைதான். விடுதிக்காரர் ஒருவர்கூட வரமாட்டார்.

என்னுடைய பிழையையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். இரண்டாவது சந்திப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும், கையில் சேர்ந்திருந்த இருபத்து மூன்று விசிட்டிங் கார்ட்களையும் மேசையில் பரப்பி, எல்லா இலக்கங்களையும் சேர்த்து, அன்றிரவே ஒரு வட்ஸ்அப் குழுவைத் தொடங்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. நல்ல காரியம் செய்த நிறைவோடு படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் நான்கு பேர் வெளியேறியிருந்தார்கள். மிஞ்சியவர்களில் ஒருவர் சூரியகாந்திப் பூவோடு காலை வணக்கம் அனுப்பியிருந்தார். இன்னொருவர் காணி விற்பனை விளம்பரத்தைப் போட்டிருந்தார். மத்தியானம் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணை போன் எடுத்தார். குரலை உயர்த்தவேயில்லை. "தம்பி, என்ர நம்பரை உமக்குத்தானே தந்தனான். ஊருக்கே ஏன் குடுத்தனீர்?" எனக்குப் பதில் வரவில்லை. குழுவில் சேர்த்தவுடன் ஒருவருடைய இலக்கம் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. அது அவருடைய பொருள் என்று நான் நினைக்காததுதான் பிழை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியதும், ஒருவர் தரவை எந்த நோக்கத்துக்குத் தந்தாரோ அந்த நோக்கத்தோடு அது நிற்க வேண்டும் என்ற கொள்கை அதில் இருப்பதும் பிறகு வாசித்து அறிந்தவை. அண்ணை சட்டம் படித்தவர் அல்லர். ஆனால் அதையேதான் சொன்னார்.

குழுவைக் கலைத்துவிட்டேன். இப்போது கார்ட் கிடைத்தவுடன் அதன் பின்புறத்தில் மூன்று விடயங்களைக் குமிழ்முனைப் பேனாவால் எழுதுகிறேன்: எங்கே சந்தித்தேன், அவர் என்ன கேட்டார், நான் என்ன தருவதாகச் சொன்னேன். மூன்றாவதுதான் முக்கியம். இரண்டு நாளைக்குள் அந்த ஒன்றை மட்டும் தனியே அனுப்புவேன், கூடவே என் விளம்பரம் எதையும் வைக்கமாட்டேன். எதையும் தருவதாகச் சொல்லாத கார்ட்களை மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவேன். பெரும்பாலானவை அங்கேதான் கிடக்கின்றன. பளபளப்பான மேற்பூச்சுப் பூசிய கார்ட்டில் மை பிடிக்காமல் விரலோடு வந்துவிடும் என்பது இந்தப் பழக்கத்தால் தெரிந்தது. என்னுடைய கார்ட்டும் அந்த வகைதான். அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். மூதூரிலிருந்து வந்த ஒரு மீன் வியாபாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில தமிழ் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

வேலை தேடுபவர்களுக்குத் தகவல் யாரிடமிருந்து கிடைக்கிறது என்று ஆராய்ந்த மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973 இல் வெளியிட்ட கட்டுரையொன்று இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் 16.7 சதவீதத்தினர் மட்டுமே அந்த ஆளை அடிக்கடி சந்திப்பவர்கள், 55.6 சதவீதத்தினர் எப்போதாவது சந்திப்பவர்கள், 27.8 சதவீதத்தினர் அரிதாகச் சந்திப்பவர்கள். பொஸ்டன் நகரத்தை அண்டிய ஓர் ஊரில், சில டசின் பேரிடம் எடுத்த கணக்கு அது. திருகோணமலைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காரணம் விளங்குகிறது. என் மச்சானுக்குத் தெரிந்த ஆட்கள் எல்லோரையும் எனக்கும் தெரியும். அவன் எனக்குப் புதிதாக யாரை அனுப்புவான்?

எனக்குக் கிடைத்த உதவியும் தூரத்திலிருந்துதான் வந்தது. சுழியோடுபவர்களைப் புறாத்தீவுக்குக் கூட்டிச்செல்லும் ஒரு சிங்கள இளைஞரைக் கடந்த வருடச் சந்திப்பில் கண்டேன். பல வருடமாக ஒரே கடற்கரையில் அவரைக் கடந்து போயிருக்கிறேன், பேசியதில்லை. புறாத்தீவு 1963 இல் சரணாலயமாகி 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம். பவளப்பாறையின் மேல் ஏறி நின்று படமெடுக்கும் விருந்தினர்களோடு தாம் படும் அவதியைச் சொல்லி, விடுதிகளின் பக்கங்களிலேயே அதைப் பற்றி முன்கூட்டி எழுதிவிட்டால் தமக்கு எவ்வளவு உதவியாக இருக்கும் என்று கேட்டார். எழுதிக்கொடுத்தேன். அதன்பின் அறை விசாரிப்பவர்களை அவர் என் வாடிக்கையாளர்களிடம் அனுப்பத் தொடங்கினார். விடுதிகளும் படகுக்கு அவரைக் கூப்பிடத் தொடங்கின. நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னிடம் கொடுக்கப்போவதாக 2018 ஜனவரியில் பேஸ்புக் நிறுவனம் அறிவித்த பிறகு, ஒரு சிறு விடுதியின் பக்கத்தில் போடும் பதிவைக் காசு கட்டாமல் நாலு பேர் காண்பதே பாடு. அந்த இளைஞர் தம்முடைய சொந்தக் கணக்கில் பகிரும்போது நிலைமை வேறு.

அடுத்த சந்திப்பு பெப்ரவரியில் என்று கேள்வி. வெள்ளிக்கிழமை வைக்க வேண்டாம் என்று ஏற்பாட்டாளரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். ஞாயிறு பின்னேரம் வைக்கலாமா என்று அவர் யோசிக்கிறார். அதற்கிடையில் மேற்பூச்சு இல்லாத சாதாரண மட்டையில், ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் சிங்களமும் ஆங்கிலமுமாகப் புதிய கார்ட் அடிக்க அச்சகத்தில் கொடுத்திருக்கிறேன். சிங்களப் பக்கத்தின் மாதிரிப் படியைப் படகுக்கார இளைஞருக்கு அனுப்பினேன். என் பெயரிலேயே ஓர் எழுத்துப் பிழை என்று வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.