குளத்துத் திலாப்பியா, புளி வெண்ணெய்ச் சாறு: இதுவரை பிடிபட்ட பதம்

கோலாலம்பூரைச் சுற்றிக் காசு கட்டித் தூண்டில் போடும் குளங்களில் அகப்படுவது பெரும்பாலும் சிவப்புத் திலாப்பியா, கெலி, பத்தின் (இரண்டும் கெளுத்தி வகை); எப்போதாவது லம்பாம் என்ற கெண்டை வகை. மீனை வறுத்து அதே சட்டியில் சாறு கூட்டத் திலாப்பியாதான் தோது. லம்பாம் மாதிரி சதை முழுக்கக் கவைமுள் ஓடாது. 650 கிராம் மீனில் தோலோடு ஏறக்குறைய 200 கிராம் சதை தேறும், இரண்டு பேருக்குச் சரி. பழைய வெள்ளீயச் சுரங்கக் குழியில் தண்ணீர் தேங்கிய குட்டையில் பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவது நல்லது. கன உலோகச் சந்தேகம் உள்ள தண்ணீர் அது.

சேற்று வாடைக்குக் காரணம் சேறு இல்லை. பச்சை பிடித்த குளத்தில் வளரும் நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை விடுகின்றன. தண்ணீரில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். அது செவுள் வழியாகப் போய் மீனின் கொழுப்பில் தங்குவதால் மஞ்சளும் உப்பும் போட்டு எத்தனை தடவை அலசினாலும் போகாது. வெட்டி எடுப்பதுதான் வழி: வயிற்றோரச் சதை, உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வு, விலா நடுவில் நீளமாக ஓடும் கருஞ்சிவப்புச் சதை. உயிரோடு கொண்டுவர முடிந்தால், குளோரின் போக்கிய தண்ணீரில் காற்றுக்குழாய் போட்டு, தீனி கொடுக்காமல் சில நாள் விட்டால் வாடை நன்றாகவே இறங்கும். புளி மிச்சத்தை அடக்கும், அவ்வளவுதான். வாடை தூக்கலான மீனுக்குச் சாறு மருந்தில்லை.

பிடித்த கையோடு சட்டியில் போட்டால் ருசி என்பதும் முழு உண்மை இல்லை. செத்த மீனின் உடலில் விறைப்பு ஏறுவதற்கு முன் அறுத்த துண்டு சூடு பட்டதும் சுருங்கி வில்லாக வளையும். நடுத்தோல் சட்டியைத் தொடவே தொடாது. செவுளை வெட்டி இரத்தம் வடித்து, இரண்டு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்த பெட்டியில் முழு மீனைப் புதைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் குடலை எடுத்து, ஒரு ராத்திரி ஐஸில் வைத்து மறுநாள் அறுத்தால் சதை படியும். இந்த ஊர் வெயிலில் பிளாஸ்டிக் பையில் மோட்டார் சைக்கிளில் தொங்கி வந்த மீனுக்கு எந்தப் பக்குவமும் உதவாது.

200 கிராம் துண்டுக்கு 2 கிராம் உப்பு. கால் மணி நேரம் கழித்து வேர்த்த நீரைக் காகிதத் துண்டால் ஒற்றி, தோலைக் கத்தியின் முதுகால் வழித்து இன்னொரு முறை ஒற்றவும். மஞ்சள்தூள் சதைப் பக்கம் மட்டும். தோலில் தடவினால் கருகி, அந்தக் கசப்பு சாற்றில் இறங்கும். கனமான இரும்புச் சட்டி, ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய், நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீ. தோல் கீழாகப் போட்டுத் தோசைக்கரண்டியால் 15 வினாடி அழுத்தவும். பிறகு கை வைக்கக் கூடாது. ஓரத்தில் வெள்ளை மெல்ல மேலேறும், சடசடப்பு அடங்கிப் பொறுபொறு என்று சன்னமாகும். அப்போது சட்டியை உலுக்கினால் துண்டு தானே நகரும். நகராவிட்டால் இன்னும் அரை நிமிடம். 2 செ.மீ. கனத்துக்கு 4 நிமிடம், திருப்பி ஒரு நிமிடம். நன்னீர் மீனில் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம் என்பதால் அரைவேக்காடு ஆகாது. நடுவில் 63 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். எடுத்துத் தட்டில் தோல் மேலாக வைக்கவும்.

இனி சாறு. சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவிட்டு, சின்ன வெங்காயம் 4, பூண்டு 2 பல், ஒரு சிலி பாடி (சின்னக் காரமிளகாய்), ஒரு கொத்துக் கறிவேப்பிலை. முக்கால் நிமிடம் வதங்கட்டும். 10 கிராம் புளியை 80 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிவிட்டுப் பாதியாக வற்றவிடவும். அரைத் தேக்கரண்டி குலா மெலாக்கா (பனைவகை வெல்லம்). அடுப்பை அணைத்து, நுரை அடங்கியதும் குளிர்ந்த வெண்ணெய் 20 கிராமைத் துண்டு துண்டாகப் போட்டுச் சட்டியைச் சுழற்றினால் சாறு மங்கலாகிக் கரண்டி முதுகில் ஒட்டும்.

கெடுவது இங்கேதான். கொதிக்கும்போது வெண்ணெய் போட்டால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். ஒரு தேக்கரண்டி ஐஸ் தண்ணீர் விட்டு வேகமாகச் சுழற்றினால் பெரும்பாலும் கூடிவரும். கடையில் கிடைக்கும் வெண்ணெய் பெரும்பாலும் உப்புப் போட்டது. சாற்றுக்குத் தனி உப்பு வேண்டாம். புளிக்குப் பதில் லிமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சை என்றால் வற்றவிடக் கூடாது, கசக்கும். வெறும் தண்ணீரை வற்றவைத்துக் கடைசியில் இரண்டு பழம் பிழிந்தால் போதும். சாற்றை மீனின் மேல் ஊற்றாமல் தட்டில் பரப்பி அதன்மேல் மீனை வைத்தால் தோல் மொறுமொறுப்பு நிற்கும்.

கெலிக்குத் தோலின் வழவழப்பை உப்பும் புளியும் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். துண்டம் போட்டு வறுப்பதே மேல். பத்தினுக்கு வெண்ணெயே வேண்டாம், கொழுப்பு மீன். பகாங் மாநிலத் தெமர்லோ பக்கத்துப் பத்தின் தெம்போயாக்கை (தெம்போயாக் என்பது புளிக்கவைத்த டுரியான் சதை) நினைத்துக்கொண்டு, வெண்ணெய்க்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி தெம்போயாக்கும் ஒரு சிட்டிகை மஞ்சளும் கரைத்துவிட்டால் சாறு தானே கெட்டியாகும். அதற்குப் புளி பாதி போதும், குலா மெலாக்கா வேண்டாம்.