தொட்டிக் கரி: புகை நீலமானதும் மூடிவிடுங்கள்

தேங்காய்த் தொட்டியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் (நுண்துளைகளில் மற்றப் பொருட்களைப் பிடித்துவைக்கும் கரி) என்றால் எல்லோரும் 900 டிகிரி நீராவி உலையைப் பற்றித்தான் கேட்பார்கள். சரக்கு கெடுவது அதற்கு முன்பே, கரி சுடும் இடத்தில்.

(தொட்டி என்பது கொங்குப் பேச்சு. கொட்டாங்குச்சி, சிரட்டை எல்லாம் ஒன்றுதான்.)

சின்ன அளவுக்கு 200 லிட்டர் எண்ணெய் பீப்பாய் போதும். அடி, நடு, மேல் என மூன்று வரிசை. வரிசைக்கு ஆறு துளை, ஒவ்வொன்றும் 2.5 செ.மீ. நாரையும் மண்ணையும் தட்டிவிட்டுப் போடுங்கள், இரண்டும் சாம்பலைக் கூட்டும். ஈரத் தொட்டி வேண்டவே வேண்டாம்; அதைக் காயவைக்கவே பாதிச் சரக்கு எரிந்து தீரும்.

அடித்துளைகளை மட்டும் திறந்து தீ மூட்டி, தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். துளை வழியே கனல் சிவப்பாகத் தெரிந்ததும் அதைக் களிமண்ணால் அடைத்துவிட்டு நடு வரிசையைத் திறக்கலாம். மேல் வரிசைக்கும் இதே கதைதான். கெட்டியான வெள்ளைப் புகை வந்தால் ஈரம் போகிறது, மஞ்சளென்றால் தார். புகை மெலிந்து நீலமாகிவிட்டால் இனி எரிவது உங்கள் கரி. துளைகளை அடைத்து, மூடி போட்டு, விளிம்பில் மண் பூசுங்கள். இரவு முழுக்க ஆறட்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு மறுபடி பற்றிக்கொள்ளும்.

தண்ணீர் ஊற்றி அணைப்பவர்கள் உண்டு, எடையும் கூடுமே! வழிந்தோடும் கறுப்புத் தண்ணீரில் தாரும் ஃபீனாலும் இருக்கும். அது நிலத்தில் இறங்கினால் பக்கத்துக் கிணறு பாழ். காங்கேயம் பக்கம் கரிச்சூளை என்றாலே ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவது சும்மா இல்லை.

100 கிலோ தொட்டிக்கு 25 முதல் 30 கிலோ கரி கிடைக்கும். 35 வந்தால் சந்தோஷப்படாதீர்கள், வேகாத தொட்டி கலந்திருக்கிறது. ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். நல்ல கரியின் உடைப்பு கண்ணாடி போல் மினுங்கும், கல்லில் போட்டால் கணீரென்கும். உள்ளே பழுப்பாக இருந்தால் வேகவில்லை.

இந்தக் கரி அடுத்துப் போகும் உலையில் நீராவி கார்பனை அரித்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக வெளியேற்றுகிறது. அரித்த இடம்தான் நுண்துளை. பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறைவு. வேகாத கரியில் மிஞ்சிய தார் அங்கே போய் அடைக்கும். மிஞ்சி வெந்த கரி நொறுங்கும். தங்கச் சுரங்கக்காரர்கள் தொட்டிக் கார்பனையே கேட்பது அதன் உறுதிக்காக: கரைந்த தங்கத்தைப் பிடிக்க அரைத்த தாதுச் சேற்றில் கலக்கும்போது உடைந்து தூளானால், ஒட்டிய தங்கத்தோடு அது சல்லடையில் நழுவிக் கழிவில் போய்விடும்.