நிலையம் தெரிகிறது, போய்ச் சேர வழியில்லை

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் ரயில் நிலையத்தின் நடைமேடை தெரியும். நடந்து போக 25 நிமிடம் ஆகும். நாங்கள் இருப்பது தண்டவாளத்தின் ஒரு பக்கம். நிலைய வாசல் இருப்பது மறுபக்கம். இதை மனுவாக எழுதுமுன் நடந்தே அளந்துவிடுவது என்று இறங்கினேன். நான்கு சனிக்கிழமைகள் பிடித்தன.

நிலையத்தைச் சுற்றித் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் 800 மீட்டர் வட்டம் போடுவார்கள். அது சுமார் 10 நிமிட நடை. நானும் வரைபடத்தில் வட்டம் போட்டேன். பிறகு வாசலிலிருந்து ஒவ்வொரு தெருவாக 10 நிமிடம் நடந்து, நின்ற இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். வாசல் இருக்கும் பக்கம் புள்ளிகள் வட்டத்தின் விளிம்புவரை போயின. எங்கள் பக்கம் ஒரு புள்ளிகூட விழவில்லை. வட்டம் நேராகப் பறக்கும் காகத்துக்குத்தான் பொருந்தும், கால்களுக்கு அல்ல.

நடைபாதை, விளக்கு, நிழல் எல்லாவற்றையும் சுலபமாகக் குறித்துவிட்டேன். சாலையைக் கடக்கும் இடத்தில்தான் வெகுநேரம் நின்றேன். சாலையின் அகலம் 18 மீட்டர். நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு 15 விநாடி. அதாவது விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்க வேண்டும். அடுத்த வாரம் அம்மாவை அழைத்துப் போனேன். பச்சை விழுந்ததும் என் முழங்கையைப் பற்றிக்கொண்டு இறங்கினார். விளக்கு மாறியபோது இன்னும் நான்கைந்து அடி பாக்கி. முன் சக்கரத்தை உருட்டியபடி ஒரு வண்டி உறுமியது. "நீ முன்னால் போடா, நான் வந்துவிடுவேன்" என்றார். அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது? மொத்தம் 20 விநாடி ஆனது.

மனு முதலில் திரும்பி வந்துவிட்டது. நிலைய வளாகம் ஓர் அலுவலகத்தின் பொறுப்பு, வெளியே சாலை இன்னோர் அலுவலகத்தின் பொறுப்பு. இதைத் தொடக்கத்திலேயே விசாரித்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். குறைகளை இரண்டாகப் பிரித்து, தனித்தனி வரைபடமும் விநாடிக் கணக்கும் வைத்து மறுபடி கொடுத்தேன். அம்மாவின் 20 விநாடியை முதல் வரியிலேயே எழுதினேன்.

இப்போது பச்சை 22 விநாடி எரிகிறது. அம்மா என் கையைப் பிடிக்காமலே கடக்கிறார். எங்கள் பக்கம் ஒரு வாசல் கேட்ட மனுவுக்குத்தான் இன்னும் பதில் இல்லை. வரும் திங்களன்று மீண்டும் போகிறேன்.